மகள் முத்தமிட்ட கொப்பி

நான் கோபக்காரன் இல்லை. கோபம் வந்தால் கதைக்காமல் இருப்பேன், அவ்வளவுதான். இதை ஒரு நல்ல குணம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். சத்தம் போடுவதில்லை. சட்டிபானையை எறிவதில்லை. தடித்த வார்த்தை ஒன்று என் வாயிலிருந்து வந்ததாக யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சண்டை நடக்கிறது என்பதே அக்கம்பக்கத்தில் எவருக்கும் தெரியாது. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் மவுத்தாகி இரண்டு வருஷமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. அவளுடைய உடுப்புகளை எல்லாம் நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முன்னமே மகள் பிரித்துக் கொடுத்துவிட்டாள். இறந்தவரின் புடவை அலுமாரிக்குள் கிடந்து மக்குவதைவிட ஏழைப்பட்டவர்கள் யாராவது உடுத்தினால் நன்மை என்பது எங்கள் வழக்கம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருநாள் கல்முனைச் சந்தையில் கத்தரிப்பூ நிறச் சாரி ஒன்று எனக்கு முன்னால் போனது. முக்காட்டை இழுத்துவிட்ட விதமும் அவளைப்போலவே இருந்தது. நான் வாங்க வந்த வெங்காயத்தை மறந்து, இரண்டு மூன்று கடை தூரம் பின்னாலேயே போய்விட்டேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தபோது, தொலைந்த ஆளைத் தேடுகிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொடுக்காமல் எஞ்சியவை சில சாமான்கள்தான். ஒரு காலில் நூல் சுற்றிய மூக்குக் கண்ணாடி. அவளுடைய உம்மா கொடுத்த பித்தளை வெற்றிலை வட்டா. ஒரு சாவிக்கொத்து. அந்தச் சாவிகள் எந்தக் கதவையும் திறப்பதில்லை. சுனாமி அன்று அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியபோது சாவிக்கொத்து அவளது இடுப்பில் இருந்தது. வீடும் கதவும் பூட்டும் கடலோடு போயின, சாவிகள் மட்டும் மிஞ்சின. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்லுவாள். "இது உங்கட றோசா அலுமாரிக்கி," என்பாள். அப்படி ஓர் அலுமாரி எங்களிடம் இருந்ததை நானே மறந்திருப்பேன்.

இவற்றோடு அவள் எழுதிவந்த ஒரு சீஆர் கொப்பியும் இருந்தது. இந்த எழுத்து அந்தக் கொப்பியைப் பற்றியது.

கலியாணமான புதிதில் நான் இறக்காமத்தில் தபால் அதிபராக இருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வர முடியும். யானை வயலுக்குள் இறங்கிய காலங்களில் அதுவும் இல்லை. அவள் எனக்குக் கடிதம் எழுதுவாள். அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழ் எழுத்து அவளுக்குத் தட்டித் தடவித்தான் வரும். ஆனால் அவளுடைய உம்மா அவளுக்கு அரபுத்தமிழ் பழக்கியிருந்தார். தமிழ்தான், ஆனால் குர்ஆன் எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவது. அரபியில் இல்லாத ஓசைகளுக்கு மேலேயும் கீழேயும் கூடுதலாகப் புள்ளி வைப்பார்கள். அந்த எழுத்தில் அவளுடைய கை தண்ணீர் மாதிரி ஓடும். எனக்கோ குர்ஆன் ஓதத் தெரியுமே தவிர, அதே எழுத்தில் "கத்தரிக்காய்" என்றும் "உங்கட மாமி" என்றும் வந்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு முழு மத்தியானம் போகும்.

ஒரு தடவை ஊருக்கு வந்தபோது சொன்னேன்: "கடிதத்தக் கொஞ்சம் தமிழில எழுதினா என்ன? ஊர்த் தபாலெல்லாம் பிரிச்சு முடிச்சிடுறேன், உங்கட ஒரு கடிதத்த வாசிக்க ஏலாமக் கிடக்கு."

பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவும் செய்தாள். அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் வரவில்லை. கொஞ்ச நாளில் ஒரு கொப்பி வாங்கி அதில் எழுதத் தொடங்கினாள். அது நிறைந்ததும் இன்னொன்று. என்னவாக்கும் எழுதுறீங்க என்று கேட்டால், "வாசிக்க ஏலாதவங்களுக்குச் சொல்லி என்ன," என்பாள்.

முதல் நாலைந்து கொப்பிகள் சுனாமியோடு போய்விட்டன. முகாமில் இருந்த நாட்களில் அவள் நகை போனதுக்கு அழவில்லை. அந்தக் கொப்பிகளுக்காக ஒருநாள் அழுதாள். பிறகு நிவாரணமாகக் கிடைத்த பிள்ளைகளின் பொதியில் இருந்து ஒரு சீஆர் கொப்பியை எடுத்துப் புதிதாகத் தொடங்கினாள். கெட்டி அட்டை, நிறையத் தாள். முன்னைப்போல் தினமும் எழுதவில்லை என்பதால் அவளுடைய காலம் முடியும் வரைக்கும் அது போதுமாயிருந்தது.

அதை நான் திறந்து பார்த்ததில்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் கொண்டுசேர்த்த ஆள் நான். பிறர் எழுத்தை வாசிக்கக் கூடாது என்பது எனக்கு ஊறிய பழக்கம். இப்படித்தான் ஆட்களிடம் சொல்லுவேன். உண்மை அதுவல்ல. அவள் மவுத்தான பிறகு அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு நான் பயந்தேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு முஸ்லிம் இன்னொருவரோடு மூன்று நாளுக்கு மேல் கதைக்காமல் இருக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே எங்களுக்கு ஓதிக்கொடுத்திருந்தார்கள். நான் மார்க்கத்தை மீறுகிற ஆள் இல்லை. ஆனால் மூன்று நாள் அனுமதி என்றால் மூன்று நாளையும் முழுசாக எடுத்துவிடுவேன், அரசாங்க லீவு மாதிரி. மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து வாசல் கதிரையில் உட்கார்ந்து, "இண்டைக்கி கடல் கொஞ்சம் அடிக்கிது போல," என்பேன். அவள் "ஓம்" என்பாள். அதோடு கோபம் முடிந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படித்தான்.

கடைசித் தடவை சைக்கிளுக்காகக் கோபப்பட்டேன். என்னுடைய பழைய றலி சைக்கிள். முழங்கால் நோவு வந்த பிறகு ஆறு வருஷமாக அதை நான் மிதிக்கவில்லை, மாட்டுக்கொட்டில் பக்கம் சாத்தியிருந்தது. எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிற தமிழ் ஆள் ஒருவர் இருக்கிறார். கடற்கரைப் பக்கத்துக் குடும்பம், எத்தனையோ வருஷப் பழக்கம். அவருடைய சைக்கிள் சட்டம் முறிந்துவிட்டது என்று மீன் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். இவள் உடனே என்னுடைய சைக்கிளைத் துடைத்து, காற்றடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நான் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்து பார்த்தபோது சைக்கிள் நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது.

"இஞ்சருங்க, அந்த மனிசன் வெயிலுக்குள்ள தலையில சுமந்துக்கிட்டு வந்தாரு. நீங்களும் இருந்தா குடுத்துத்தான் இருப்பீங்க," என்றாள்.

கொடுத்திருப்பேன்தான். அதனால்தான் கோபம் கூடியது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டேன். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாள் காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது, பசியாற என்ன வேண்டும் என்று கேட்டாள். எதையாவது வை என்பதுபோல் கையை அசைத்தேன். எப்படியும் அஸருக்குப் பிறகு கதைக்கப்போகிறேன் என்பது என் மனதில் இருந்தது.

மத்தியானம் லுஹருக்கு முன்னால் குசினிக்குள் மகள் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது என் மனைவி சுவரோடு சாய்ந்து கிடந்தாள். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தாள். கண் மூடியிருந்தது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன், கத்திக் கத்திக் கூப்பிட்டேன். அதை நான் அவளோடு கதைத்ததாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன்னால் இறந்தவருக்காகப் பொருத்தம் கேட்பார்கள். அவர் யாருக்காவது மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கேட்பது. மனைவி மவுத்தானால் கணவனிடம் தனியாகக் கேட்பார்கள். பெரியவர் ஒருவர் என் தோளில் கையை வைத்து, "பொஞ்சாதியப் பொருந்திக்கிட்டீங்களா?" என்று கேட்டார். "பொருந்திக்கிட்டேன்," என்றேன். சுற்றி நின்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அவள் என்னைப் பொருந்திக்கொண்டாளா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டாலும் யார் பதில் சொல்வது?

பதில் இருந்தால் அந்தக் கொப்பியில்தான் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் அவள் எழுதினாள் என்பது எனக்குத் தெரியும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்ததைக் கண்டேன். மனம் வெறுத்து ஏதாவது எழுதியிருந்தால் அதை வாசித்துவிட்டு நான் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது? இப்படி நினைத்து நினைத்தே இரண்டு வருஷம் அதைத் தொடவில்லை. கொப்பி இருக்கிறது, வேண்டுமானால் நாளைக்கு வாசிக்கலாம் என்பது ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது.

இந்த முறை நோன்புக்கு முன்னால் மகள் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தாள். அது அவளுடைய வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பான். நானும் அப்படி வந்தவன்தான். மகளுக்குக் கலியாணம் ஆனபோது வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் பின்பக்க அறைக்கு மாறினோம். அவளுடைய சாமான்கள் இருந்த அலுமாரி பெரிசு, பின்னறைக்குள் நுழையவில்லை. அதனால் முன்மண்டபத்திலேயே நின்றது. பெயின்ற் அடிக்கிறவர்கள் அதை நகர்த்த வேண்டும் என்றபோது மகள் உள்ளே இருந்த சாமான்களை ஒழுங்குபடுத்தினாள். மருமகன் கட்டாரில் வேலை. வீட்டு வேலை எல்லாம் அவள் ஒருத்தியின் தலையில்தான்.

அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். அலுமாரி பழைய இடத்தில் பளபளவென்று நின்றது. வட்டா இருந்தது, கண்ணாடி இருந்தது, சாவிக்கொத்து இருந்தது. கொப்பி இல்லை.

"மகள், இதுக்குள்ள ஒரு சீஆர் கொப்பி இருந்ததே?"

"உம்மாட ஓதல் கொப்பியா வாப்பா? அதப் பள்ளிக்கிக் குடுத்துட்டேனே. பழைய கிதாபு, கிழிஞ்ச குர்ஆன் இரிந்தா கொண்டு வாங்க, எல்லாத்தையும் சேத்து அடக்கப்போறம் எண்டு ஸ்பீக்கர்ல சொன்னாங்க. நம்மட கிழிஞ்ச யாஸீன் கிதாபுகளோட ஒண்டா வெள்ளப் புடவையில சுத்தித்தான் குடுத்த. உம்மாட கை எழுத்தெண்டு கொஞ்சி, கண்ணுல ஒத்தித்தான் வாப்பா குடுத்த."

அவளுடைய முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. அவளைக் குறைசொல்ல முடியாது. அரபு எழுத்தில் எதையாவது கண்டால் அது அல்லாஹ்வின் வார்த்தை என்றே எங்கள் கை முதலில் நினைக்கும். தரையில் கிடந்தால் எடுத்து உயரத்தில் வைப்போம், கால் பட்டால் பதறுவோம், இற்றுப்போனால் மிதிபடாத இடத்தில் அடக்குவோம். அந்தக் கொப்பி அத்தனை வருஷமும் குர்ஆனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன்மேல் ஒரு கோப்பையைக்கூட யாரும் வைத்ததில்லை. உள்ளே மீன் ஆணத்துக்கு எவ்வளவு புளி என்று எழுதியிருந்தாலும் அட்டைக்கு வெளியே அதற்குக் கிதாபின் மரியாதை.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு மண்டைக்குள் நெருப்புப் பிடித்தது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே! ஆனால் நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டேன். அவள் "ஏன் வாப்பா, என்ன?" என்று பின்னால் வந்து கேட்டாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குத் திரும்பி நடந்தேன். முதல் நாள் தொடங்கிவிட்டது.

பள்ளியில் சாவி இல்லை. சேர்ந்த கிதாபுகளை எல்லாம் சாக்குகளில் கட்டி, ஜனாஸா தூக்குகிற சந்தூக்கை வைக்கிற பக்க அறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி பாங்கு சொல்லும் மோதினாரிடம். மோதினார் பாலமுனையில் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், சுபஹுக்குத்தான் வருவார். அடுத்தநாள் லுஹருக்குப் பிறகு ஆட்களை அடக்கும் மையவாடியின் மூலையில் குழி வெட்டி அடக்குவதாக முடிவு. நான் பூட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருந்தது எனக்கு வந்து, நான் பிரிக்காமல் வைத்த கடிதம் என்று அப்போதுதான் பட்டது. ஒரு தபால்காரன் இப்படிச் செய்யலாமா? அதுவரை அந்தக் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்குமோ என்றுதான் பயந்தேன். இப்போது அது என்னவென்று தெரியாமலே போய்விடுமோ என்று பயந்தேன்.

வீட்டுக்கு வந்து, மகள் போட்டு வைத்த சோற்றைத் தின்றேன். "வாப்பா, நான் ஏதும் பிழ செஞ்சிட்டனா?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டேன்.

சுபஹு தொழுகை முடிந்ததும் மோதினாரைப் பிடித்துக்கொண்டேன். அறை திறந்தது. பதினொரு சாக்குகள். ஊர் முழுக்க இருந்து வந்தவை, எல்லாம் வெள்ளைத் துணி சுற்றியவை. எது எங்கள் வீட்டுத் துணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுத்திருந்தோம், ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கரையான் தின்ற குர்ஆன்கள், ராத்தீபுக் கிதாபுகள், மதரஸாப் பிள்ளைகளின் கொப்பிகள். ஆறாவது சாக்கைப் பிரிக்கும்போது மௌலவி வந்துவிட்டார். இளம் ஆள், இனிமையாக ஓதுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"போஸ்ட்மாஸ்டர், அடக்கக் குடுத்த ஓதல் கொப்பியத் திருப்பி எடுக்கிறது நல்லமில்லையே. வீட்டுல கிடந்து கிழிஞ்சி கால்பட்டா பாவம்தானே?"

"அது ஓதல் கொப்பி இல்ல மௌலவி."

"மகள் அப்பிடிச் சொல்லித்தானே தந்தாங்க?"

எட்டாவது சாக்கின் அடியில் கொப்பி கிடைத்தது. அட்டையின் மூலை மடிந்திருந்தது, வேறு பழுதில்லை. நான் எடுப்பதற்குள் மௌலவி இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றி, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். பிஸ்மி சொல்லி, தன் வழக்கமான ராகத்தில் ஓதத் தொடங்கியவர், இரண்டாம் சொல்லில் தடுக்கி நின்றார். புருவத்தைச் சுருக்கினார். பிறகு மெதுவாகக் கூட்டி வாசித்தார். ராகத்தை விடத் தெரியாமல் அதே ராகத்திலேயே வாசித்தார்:

"மனிசன் இண்டைக்கும் கதைக்கல்ல. ரெண்டாம் நாள். சோத்துக்கு உப்பக் கூட்டிப் போட்டுப் பாத்தேன். ஒரு வாய் வச்சிட்டு என்னப் பாத்திச்சி. ஆனாக் கதைக்கல்ல. முழுக்கத் தின்னிச்சி."

மோதினார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவருடைய தோள் குலுங்கியது. எனக்குக் காது சுட்டது. அது எத்தனையோ வருஷத்துக்கு முந்தின வேறொரு கோபம், ஆனால் அந்தச் சோறு எனக்கு நல்ல நினைவு. கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. அன்று முழுக்கத் தண்ணீராகக் குடித்துத் தீர்த்தேன். கை தவறிப் போட்டுவிட்டாளாக்கும், கோபத்தில் இருக்கும்போது அதைச் சொல்லி வழிக்கு வருவதா என்று வீம்புக்குத் தின்றேன். வேண்டுமென்றே போட்டவள் என்பதை இத்தனை வருஷம் கழித்து, பள்ளிக்குள், ராகத்தோடு கேட்கிறேன்!

மௌலவி கொப்பியை மூடினார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய கண் கலங்கியிருந்தது.

"இது அடக்கிற சாமான் இல்ல போஸ்ட்மாஸ்டர். இது உங்கட வழக்கு. நீங்களே கொண்டுபோய்ப் பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்தேன். மகள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என் கையில் கொப்பியைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நின்றாள். நான் அவளைத் தாண்டிப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

அரபுத்தமிழ்க் கொப்பியை வலப்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவார்கள். நாம் முன்பக்கம் என்று திறப்பது அவளுக்குப் பின்பக்கம். திறந்ததும் வெறும் தாள்கள் வந்தன. கொஞ்சம் புரட்டியதும் எழுத்து தொடங்கியது. அதுதான் கடைசிப் பக்கம். பாதிக்கு எழுதியிருந்தது. கொப்பியைக் கட்டிலில் வைத்து, விரலை ஓடவிட்டு, இறக்காமத்தில் வாசித்த மாதிரியே எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ஒரு வரிக்கு நெடுநேரம் எடுத்தது. ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது என்னவாக இருக்குமோ என்று கண் முந்தி ஓடியது.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"இண்டைக்கி மூணாம் நாள். அஸருக்குப் பொறகு மனிசன் கதைக்கும். கதைக்கத் தொடங்கினா மஃரிபு வரைக்கும் ஓயாது. அதுக்கு முன்னுக்குச் சட்டிபான எல்லாம் கழுவி, குசினி வேலைய முடிச்சி வச்சிரணும். வேல கிடந்தா மனிசன்ட கதைய ஒழுங்காக் கேக்க ஏலா."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அவள் மவுத்தான அன்று மையித்து வீட்டுக்கு வந்த பெண்கள் எங்கள் குசினியைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். சட்டிபானை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. அடுப்படி மெழுகின மாதிரி இருந்தது. கறிக்கு வெட்டியதைக்கூட மூடி வைத்திருந்தாள். போகப்போவது தெரிந்துதான் எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கிறா என்று ஆளுக்காள் சொல்லி அழுதார்கள். நானும் அதை நம்பினேன். நல்லடியார்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று வருகிறவர்களிடம் நானே சொல்லியும் இருக்கிறேன். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் கதைப்பேன் என்று நினைத்து அவசர அவசரமாக வேலையை முடித்திருக்கிறாள்.

நான் அழுதேன். ஜனாஸா அன்று ஆட்களுக்கு முன்னால் அடக்கிய அழுகை, இரண்டு வருஷம் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு வந்தது. அவள் என்னைப் பொருந்திக்கொண்டாளா என்று தேடிப்போனவனுக்கு அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லே கிடைக்கவில்லை. என்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததாகவும் இல்லை. அந்தச் சைக்கிளைப் பற்றிக்கூட அதில் எழுதவில்லை. என்னுடைய வாயிலிருந்து வருகிற கதையைக் கேட்க அவளுக்கு ஆசை இருந்திருக்கிறது. அந்த ஆசையை நான் மூன்று மூன்று நாளாகப் பிடித்து வைத்திருக்கிறேன். எத்தனை மூன்று நாள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இறக்காமத்தில் இருந்து வந்து அந்தப் பகிடியைச் சொல்லாமல் இருந்திருந்தால், இவ்வளவும் எனக்கே கடிதமாக வந்திருக்கும்.

வெளியே குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. மகள் என் அறைக் கதவு வரைக்கும் வந்து, தட்டாமல் நிற்பது தெரிந்தது. அவளுடைய உம்மாவும் இப்படி வந்து நின்றிருப்பாள், எனக்குத்தான் கதவைத் திறக்கத் தோன்றியிருக்காது. மகள் திரும்பி நடந்தாள்.

அது இரண்டாம் நாள். லுஹருக்குக்கூட இன்னும் பாங்கு சொல்லவில்லை.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். "மகள்," என்றேன். அவள் ஈரக் கையோடு திரும்பினாள். கடல் அடிக்கிறது என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாய் முதலில் போனது. அதை விழுங்கினேன்.

"வாப்பாவப் பொருந்திக்கங்க மகள்," என்றேன்.